இருபத்திரண்டு எட்டு

தோள்மூட்டில் உலோகம் வைத்துத் தைத்த டாக்டர்
இனி ரைபிள் கட்டையை அங்கே சாய்க்காதே என்றார்.
சரி என்றேன்.
அந்த வாரமே ரிவால்வருக்கு ஒரு பெட்டி குண்டு வாங்கினேன்.
இதன் உதை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகும்.
அவை இன்னும் நான் பிறந்தபோது வந்தவை.

ரைபிளோடு போனால் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.
முந்நூறு கஜத்துக்கு அப்பால்
கண்ணாடி வட்டத்துக்குள் மான் நிற்கும்.
அதன் உலகத்தில் நான் கிடையாது.
கைத்துப்பாக்கிக்கு அது நாற்பது எட்டுக்குள் வரவேண்டும்.
என் வயிறு இரைவது அதற்குக் கேட்கும்,
அது மெல்லுவது எனக்குக் கேட்கும்.
காற்று ஒருமுறை புரண்டு படுத்தால்
அந்த மாலையே பாழ்.

லவாக்கா ஆற்றின் கிளையோடை, நவம்பர்.
எர்வின் கூபெனாவின் பீக்கன் தோப்பைப்
பன்றிகள் ஏர் பூட்டி உழுததுபோல் புரட்டிப் போட்டிருந்தன.
விழுந்த கொட்டை ஒன்றும் மிஞ்சவில்லை,
கிளறிய குழியில் அவருடைய டிராக்டர் அச்சும் முறிந்தது.
"கணக்கே பார்க்காதே, டெல்ஃபின்" என்றார்.
"பன்றிக்குப் பருவம் கிடையாது, சீட்டு கிடையாது."

மானுக்கு உண்டு.
மாதத்தையும் தேதியையும் கத்தியால் குடைந்து
உடலோடு கட்டவேண்டிய துண்டுச்சீட்டு
மேல்சட்டைப் பையில் இருந்தது.
ஆறு குண்டு கொள்ளும் உருளையில் ஐந்து போட்டிருந்தேன்.
சுத்தி ஓய்ந்திருக்கும் அறை காலியாக இருக்கட்டும் என்பது
என் பழைய துப்பாக்கியின் சுபாவம் தெரிந்த பயம்.

ஐந்தே கால்.
பெட்டைமான் ஓடை ஏறி வந்தது.
முப்பது எட்டு. விலா காட்டி நின்றது.
இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலில் ஊன்றி,
சுத்தியைப் பின்னுக்கு இழுத்தேன்.
அந்தச் சின்ன உலோகச் சத்தத்துக்குக்கூட
அது காதைத் திருப்பவில்லை.
அது பார்த்தது என் முதுகுக்குப் பின்னால்.
அடுத்த கணம் வால் வெள்ளையாக எகிறியது,
புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு வாடை.
பிறகு பீக்கன் ஓடு பல்லில் உடையும் சத்தம்.
மெல்லத் திரும்பினேன், கழுத்து எலும்பு ஒவ்வொன்றாக.
தாய்ப்பன்றி. பின்னாலே குட்டிகள்,
இருட்டில் ஐந்தா ஆறா என்று தெரியவில்லை.
வலக்காதின் பஞ்சு எப்போது விழுந்ததோ, நான் கவனிக்கவில்லை.

சுட்டேன்.
பின்னர் அளந்தபோது இருபத்திரண்டு எட்டு.
அது முன்னங்காலை மடித்து,
ஏதோ மறந்ததைத் தேடுவதுபோல்
மூக்கை மண்ணில் வைத்து, அப்படியே இருந்தது.
குட்டிகள் தெறித்துச் சிதறின.
காதுக்குள் ஒரே ரீங்காரம்.
அந்தச் சத்தமில்லாத சத்தத்துக்குள்
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
ஏழு.
வயிற்றை முட்டி முட்டி
அவரவர் இடத்தில் வாய் வைத்தன.

உருளையில் நான்கு.
பையில் இன்னும் ஒரு கைப்பிடி.
எண்ணிக்கை ஒரு காரணம் இல்லை.

லாரி விளக்கோடு எர்வின் வந்தார்.
"ஒரே ஒரு வெடிதான் கேட்டது" என்றார்.
வெளிச்சம் பட்டதும் குட்டிகள் புதருக்குள் போய்விட்டன,
இரண்டு மட்டும் போகவில்லை.
அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
துப்பாக்கிக்காகக் கை நீட்டினார்.
நான் கொடுக்கவில்லை, சுடவும் இல்லை.
விடிவதற்குள் கயோட்டிகள் வந்துவிடும்.
இதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க
எனக்கு வாய் வரவில்லை.
எர்வின் தன் குழிகளை ஒருமுறை பார்த்துவிட்டு
சங்கிலியை எடுக்கப் போனார்.

அவருடைய கொட்டகையில் தொங்கவிட்டுக் கிழித்தோம்.
கத்தி அடிவயிற்றில் இறங்கியபோது
இரத்தத்தோடு பாலும் வந்தது, வெதுவெதுப்பாக, மணிக்கட்டு வரை.
எர்வின் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை நீட்டினார்.
தொடைக்கறி பாதி அவருக்கு, பாதி எனக்கு.

காலை ஆறு பத்துக்குப் பள்ளிப் பேருந்தை எடுத்தேன்.
வளைவுகளில் ஸ்டியரிங் மணிக்கட்டைக் கடித்தது.
பிள்ளைகள் ஏறினார்கள், குட் மார்னிங் சொல்லியிருப்பார்கள்.
கதவு என் வலப்பக்கம்.
உதடுகளைப் பார்த்துப் பார்த்து
நானும் சொன்னேன்.